வாசகர் கேள்வி – பதில்: கரும்புக் கொல்லையிலிருந்து வந்த குரல்

சென்ற இதழின் உலக இசைப் பக்கத்தில் தாய்லாந்துப் பாடகி பும்புவாங் துவாங்சானின் படத்தை, 'லுக் துங் இசையின் அரசி' என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் வெளியிட்டிருந்தோம். (லுக் துங் என்பது கிராமத்து மணம் வீசும் தாய்லாந்துப் பாட்டு வகை.) அந்த ஒரு வரி போதாது என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதும் அவருக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: அரசி என்று எழுதிவிட்டு அவர் எங்கே பிறந்தார், எப்படி வந்தார் என்று ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டீர்களே? (திருச்சி வாசகி)

பதில்: பும்புவாங்கின் இயற்பெயர் ரம்புங் சித்ஹான். மத்திய தாய்லாந்தின் சாய்நாட் மாகாணத்தில் 1961 ஆகஸ்ட் 4 அன்று பிறந்து, அருகிலுள்ள சுபன்புரி மாகாணத்தின் சோங் பி நோங் வட்டாரத்தில் வளர்ந்தார். பெற்றோர் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளர்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. அதன் பிறகு பெற்றோருடன் கரும்புக் கொல்லைக்குப் போனார். மாலை நேரங்களில் சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாட்டுப் போட்டிகளில் மேடையேறினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அந்தச் சிறுமி, வானொலியில் கேட்ட பாடல்களை அப்படியே திருப்பிப் பாடிப் பரிசு வாங்கிவருவதை ஊரே அறிந்திருந்தது.

அவர் பிறந்த ஆண்டிலேயே தாய்லாந்து அரசின் முதல் தேசியப் பொருளாதார வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பாங்காக் தொழிற்சாலைகளும் சாலைகளும் பெருகின. வயலில் பிழைக்க முடியாத லட்சக்கணக்கானோர் தலைநகரை நோக்கிப் பேருந்து ஏறினர். இந்தத் திட்டத்தைக் கேலி செய்து 1960களில் வெளிவந்த லுக் துங் பாடல் ஒன்று, பௌத்த ஆண்டு 2504இல், அதாவது இதே 1961இல், ஓர் ஊர்த் தலைவர் பறையடித்துக் கூட்டம் கூட்டி, தனக்கே விளங்காத அரசு உத்தரவை மக்களுக்கு விளக்குவதாகத் தொடங்குகிறது. தாய்லாந்தில் இன்றும் அந்தப் பாடலைத் தெரியாதவர்கள் குறைவு. பும்புவாங்கின் ரசிகர்களாகப் பிற்காலத்தில் திரண்டவர்கள், அந்த ஊர்த் தலைவரின் கூட்டத்துக்கு வந்திருக்கக்கூடியவர்களின் பிள்ளைகள்.

பதினைந்து வயதளவில், சுபன்புரிக்காரரும் அப்போதே பெயர்பெற்றிருந்தவருமான பாடகர் வைபோட் பெட்சுபன் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டு, வளர்ப்பு மகளாகவும் ஏற்றார். குழுவில் அவர் முதலில் பாடகியல்லர். பின்னால் நின்று ஆடும் பெண்களில் ஒருவராகவும், எடுபிடி வேலைகளைச் செய்பவராகவும் இருந்தார். 'சுபன் நகரத் தேன்' என்று பொருள்படும் மேடைப் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. வைபோட் பாடிப் புகழ்பெற்ற ஒரு காதல் பாட்டுக்குப் பெண்ணின் மறுமொழியாக அமைந்த பாடல்தான் அவரது முதல் இசைத்தட்டு. பின்னர் மோன் முவாங்நுவா என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் 'பும்புவாங் துவாங்சான்' என்று பெயரை மாற்றினார். துவாங்சான் என்றால் நிலா. ஆனாலும் ரசிகர்கள் கடைசிவரை அவரைப் பழைய செல்லப் பெயரான 'புங்' என்றே அழைத்தனர். அதற்குத் தேனீ என்று பொருள்.

கேள்வி: லுக் துங் என்பது நாட்டுப்புறப் பாடலா, திரைப்பாடலா? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் அல்ல. இசைத்தட்டுக்காகவும் வானொலிக்காகவும் தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதி, வாத்தியக் குழுவோடு பாடப்படும் பாடல்கள் அவை. ஆனால் அவற்றின் பொருள், பேச்சு வழக்கு, குரல் வளைவு எல்லாம் கிராமத்துக்குரியவை. 'வயல்வெளியின் பிள்ளை' என்று பொருள் தரும் இந்தப் பெயர், 1964இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சம்நோங் ரங்சிகுன் என்பவர் வைத்தது. அதற்கு முன்பு இதைச் 'சந்தைப் பாட்டு' என்று நகரத்தார் சற்றே இளக்காரமாகச் சொல்லிவந்தார்கள். நகரத்து மெல்லிசைக்கு 'லுக் குருங்', அதாவது 'மாநகரின் பிள்ளை' என்ற பெயர் நிலைத்தது.

இந்த இசையின் முதல் பெரும் நட்சத்திரமான சுரபோன் சோம்பட்சரோனும் சுபன்புரிக்காரர்தான். புகழின் உச்சியில் இருந்த அவர் 1968இல் ஒரு நிகழ்ச்சியை முடித்துக் கிளம்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே மாகாணத்திலிருந்து இத்தனை பாடகர்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. சுபன்புரியில் 'இ-சேவ்' என்ற பழைய பாட்டு வகை உண்டு. ஆண்கள் ஓர் அணியாகவும் பெண்கள் ஓர் அணியாகவும் நின்று, கேலியும் காதலுமாக, அந்த நேரத்திலேயே அடிகளைக் கட்டி எதிரெதிராகப் பாடுவார்கள். எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர் அங்கே எடுபட மாட்டார். பும்புவாங் வளர்ந்த மண் அதுவே.

கேள்வி: படிக்கத் தெரியாதவர் இத்தனை பாடல்களை எப்படிப் பதிவு செய்தார்? இது ரசிகர்கள் கட்டிய கதையாக இருக்கலாம் அல்லவா? (கோவை வாசகர்)

பதில்: கதையல்ல. அவருடைய எழுத்தறியாமை அவர் வாழ்ந்த காலத்திலேயே வெளிப்படையாகத் தெரிந்த செய்தி. பாடலாசிரியரோ உடனிருப்பவரோ அடியடியாகப் படித்துக் காட்ட, அவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார். ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றவர்கள் தாளைப் பார்த்துப் பாடும் இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட வேண்டியிருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இதை ஒரு குறையாகவும், அதை மீறிய சாதனையாகவும் மட்டுமே எழுதிவருகிறார்கள். எமக்கு அதில் உடன்பாடில்லை. தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. ஒரே அசையை ஏற்றியோ இறக்கியோ வளைத்தோ சொன்னால் பொருளே மாறிவிடும். ஆகவே மெட்டு மேலே போகும் இடத்தில் சொல்லின் தொனி கீழே இறங்க வேண்டியிருந்தால், பாடகர் அந்த அசையைச் சற்று இழுத்துக் குழைத்து இரண்டையும் சமரசம் செய்ய வேண்டும். அந்தக் குழைவே லுக் துங் பாடும் கலையின் உயிர்நாடி. தாளில் சொல்லைப் பார்த்து, பிறகு மெட்டைச் சேர்ப்பவருக்கு இது இரண்டு வேலை. செவி வழியாகவே கற்றவருக்குச் சொல்லும் சுரமும் முதலிலிருந்தே ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன. பும்புவாங் பாடும்போது ஒரு சொல்கூடப் பாட்டுக்காக வளைக்கப்பட்டதாகத் தோன்றாமல், யாரோ பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல இருப்பதற்கு இதுவே காரணம் என்பது எம் எண்ணம். எழுதப் படிக்கத் தெரியாததால் ஒப்பந்தங்களிலும் கணக்கு வழக்குகளிலும் அவர் பிறரையே நம்பியிருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. கலைக்குத் துணை நின்ற அதே நிலை வாழ்க்கைக்குத் துணை நிற்கவில்லை.

கேள்வி: இணையத்தில் தேடிக் கேட்டேன். கிராமத்துப் பாட்டை எதிர்பார்த்தால் டிஸ்கோ போல இருக்கிறது. ஏமாற்றமாக இருந்தது. (புதுச்சேரி வாசகர்)

பதில்: நீங்கள் கேட்டது அவர் 1980களின் நடுவில் பாடிய துள்ளல் பாடல் ஒன்றாக இருக்கும். அதே ஏமாற்றத்தை அன்றைய தாய்லாந்து விமர்சகர்கள் சிலரும் வெளிப்படுத்தினார்கள். அதற்கு முன்பு அவர் பாடியவை பெரும்பாலும் மெதுவான சோகப் பாடல்கள். 1970களின் இறுதியில் தாமே தொடங்கிய குழுவும் முதலில் நிலைக்கவில்லை. ஒலிநாடாக்கள் மலிந்து, சிற்றூர்ச் சந்தைகளிலும் லாரி ஓட்டுநர்களின் இருக்கைக்கு மேலும் பாட்டு ஒலிக்கத் தொடங்கிய காலத்தில், லோப் புரிராட் என்ற பாடலாசிரியருடன் அவர் சேர்ந்தபோதுதான் திருப்பம் ஏற்பட்டது. இந்தக் கவிஞர் பும்புவாங்குக்காக எழுதிய பெண்கள், காதலன் கைவிட்டதற்காக அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். பாங்காக் போகும் காதலனிடம் 'என்னை மறந்தால் பார்த்துக்கொள்' என்று கட்டளையிடுகிறாள் ஒருத்தி. பேரழகனைப் பார்த்து வாய்விட்டு வியக்கிறாள் இன்னொருத்தி. இன்னும் கொஞ்சம் நெருங்கி வா என்று அழைக்கிறாள் மற்றொருத்தி. பேர் கிடைத்ததும் எருமை முதுகில் ஏறித் திரிந்த நாளை மறந்துவிட்டவனை இடித்துரைக்கும் பாடலும் உண்டு. இந்த மிடுக்குக்குச் சோகச் சுருதி பொருந்தாது. மின் கிதாரும் சின்தசைசரும் முழு டிரம் செட்டும் தேவைப்பட்டன.

லுக் துங் தூய்மையானதாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரும்பாவும் சாச்சாவும், ஜப்பானிய மெட்டுகளும், இந்திப் படப் பாடல்களும், ஹாலிவுட் கௌபாய்களின் யோடல் கூவலும்கூட 1950, 60களிலேயே அதற்குள் புகுந்துவிட்டன. பித்தளை ஊதுகருவிகளும் அக்கார்டியனும் கிராமத்துக்குச் சொந்தமாக இருந்தவையா என்ன? ஆகவே டிஸ்கோவைச் சேர்த்ததற்காக அவரைக் குறைசொல்வது நியாயமாகாது. வேண்டுமானால், பிற்காலப் பதிவுகள் சிலவற்றில் வாத்திய இரைச்சல் குரலை மூடிவிடுகிறது என்று குறைசொல்லலாம். அதில் யாமும் உங்களுடன் சேர்ந்துகொள்வோம்.

அந்த இசை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் பாருங்கள். திருவிழாத் திடலில் துணித் தட்டி கட்டி, நுழைவுச்சீட்டு விற்று நடத்தப்படும் கச்சேரிகளே லுக் துங் குழுக்களின் வாழ்வாதாரம். பெரிய குழு என்றால் பாடகர், வாத்தியக்காரர், இறகுத் தலையணியும் மினுமினுக்கும் உடையுமாக ஆடும் 'ஹாங் குருவாங்' பெண்கள், சமையல்காரர், மேடை கட்டுவோர் எனப் பல லாரிகளில் நகரும் ஓர் ஊர்தான். அறுவடை முடிந்து கையில் காசிருக்கும் மாதங்களில் ஊர் ஊராகப் போவார்கள். மழைக்காலப் பௌத்த நோன்பு மாதங்களில் ஓய்வு. ரசிகர்கள் மேடையோரம் வந்து பணத்தாள் செருகிய மாலையைப் பாடகரின் கழுத்தில் போடுவார்கள். இந்தத் திடலில் நின்ற பும்புவாங்தான் பாங்காக்கின் துசித் தானி ஓட்டலின் விருந்து மண்டபத்தில் சீமான்கள் முன்பும் பாடினார். லுக் துங் பாடகி ஒருத்திக்கு அந்த வாசல் திறந்ததைத் தாய்லாந்துக்காரர்கள் இன்றும் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள்.

கேள்வி: எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்? (சேலம் வாசகி)

பதில்: 'சாவ் நா சங் ஃபேன்' என்ற பாடலிலிருந்து தொடங்குங்கள், மேலே சொன்ன, காதலனுக்குக் கட்டளையிடும் வயற்காட்டுப் பெண்ணின் பாட்டு அது. அடுத்து 'நக் ரோங் பான் நோக்'. பாட்டுக்காரியாகும் கனவோடு ஊரை விட்டுத் தலைநகருக்குப் புறப்பட்ட நாட்டுப்புறப் பெண்ணின் கதை. பாடியவரின் சொந்தக் கதையாகவே எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். துள்ளல் வேண்டுமானால் 'கிரசே காவ் மா சி'. கடைசியாக 'சோம் தாம்': பச்சைப் பப்பாளியைச் சீவி, பூண்டும் மிளகாயும் இடித்து, மீன் சாறும் பனைவெல்லமும் சேர்த்துச் சாலட் செய்யும் முறையை வரிசையாகச் சொல்லி, ஒட்டுச்சோற்றோடு சாப்பிடச் சொல்லும் பாடல். அதை இளமையில் எழுதியவர் இளவரசி மகா சக்ரி சிரிந்தோன். சந்தைப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட வகையில் அரச குடும்பத்தவர் ஒருவர் சமையல் குறிப்பு எழுதியிருக்கிறார். அதைக் கரும்புவெட்டியின் மகள் பாடியிருக்கிறார்.

கேள்வி: என் தங்கைக்கு லூபஸ் நோய். அதைத் தாய்லாந்தில் இந்தப் பாடகியின் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உண்மை. 'ரோக் பும்புவாங்', அதாவது பும்புவாங் நோய் என்பதே அங்கே பொதுமக்கள் வழக்கு. நோய்களிலிருந்து உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் திசுக்களையே தாக்குவதுதான் லூபஸ். மூட்டு, தோல், சிறுநீரகம் எனப் பல உறுப்புகளை அது பாதிக்கும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். பும்புவாங்குக்கு அது சிறுநீரகத்தைத் தாக்கியது. இரவு முழுவதும் கச்சேரி, பகல் முழுவதும் பயணம் என்ற வாழ்க்கையில் இந்த நோய்க்கு வேண்டிய ஓய்வும் இடைவிடாத மருத்துவமும் எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதை நீங்களே ஊகிக்கலாம். 1992 ஜூனில், வட தாய்லாந்தின் வாசலான பிட்சனுலோக் நகரில் உள்ள புகழ்பெற்ற சின்னராட் புத்தர் சிலையை வணங்கச் சென்றவர் அங்கேயே நினைவிழந்து, ஜூன் 13 அன்று அந்நகர மருத்துவமனையில் காலமானார். முப்பத்தொன்று நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

உங்கள் தங்கையின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் இறந்து முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகிறது. நோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனைகளும், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளும் இன்று வெகுவாக முன்னேறியுள்ளன; மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, கடும் வெயிலைத் தவிர்த்து, மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பவர்களில் மிகப் பலர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். பாடகியின் முடிவைத் தங்கையின் முடிவாக எண்ண வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் பெயர் நோய்க்கு அமைந்ததால், 'இது என்ன நோய்' என்று தாய்லாந்தில் யாருக்கும் விளக்க வேண்டிய தேவையில்லை. அதே காரணத்தால், நோய் என்று கேட்ட கணமே சாவை நினைத்து நடுங்குவோரும் உண்டு.

கேள்வி: அவருடைய திருமண வாழ்க்கை பற்றி எழுதுவீர்களா? (சென்னை வாசகர்)

பதில்: சுருக்கமாக எழுதலாம். இளமையில் இசைக்குழுவைச் சேர்ந்த ஒருவருடன் வாழ்ந்தார், அது முறிந்தது. பின்னர் நடிகர் கிரைசோன் சேங்-அனனை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். இறப்புக்குப் பிறகு சொத்து குறித்துக் குடும்பத்தாருக்குள் தகராறு எழுந்து, பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாயிற்று. அதற்கு மேல் இங்கே எழுதப்படுவதில் ஒரு பகுதி வதந்தியாகத்தான் இருக்கும்.

கேள்வி: அவருக்குப் பின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லையா? (ஈரோடு வாசகர்)

பதில்: நல்ல பாடகிகள் வந்திருக்கிறார்கள். வடகிழக்கு மாகாணமான உபோனிலிருந்து வந்த 'தாய் ஓரதாய்' என்ற பாடகி, 2000களின் தொடக்கத்தில், 'சிமென்ட் காட்டில் ஒரு புல் பூ' என்ற பொருள்தரும் பாடலால் நாடெங்கும் அறியப்பட்டார். சலா குணவுட் எழுதிய அந்தப் பாடலில் பேசுபவளும் நகரத்தில் உழைத்துப் பிழைக்க வந்த ஊர்ப் பெண்தான். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். பும்புவாங் பாடிய பெண் துடுக்கானவள். பின்வந்த பெரும்பாலான பாடல்களில் வருபவள் பொறுமைசாலி. லோப் புரிராட் கொடுத்த அந்தத் துடுக்குக்கு வாரிசு அமையவில்லை என்றே எமக்குப் படுகிறது. 2011இல் பண்டிட் தொங்தீ இயக்கத்தில் பும்புவாங்கின் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. இளம் பாடகி பாவலீ போன்பிமோன் அவராக நடித்து, அதன் வழியே தாமும் நட்சத்திரமானார்.

கேள்வி: விரைவில் பாங்காக் போகிறோம். அவருக்குக் கோயில் இருப்பதாகவும், லாட்டரி எண் கேட்டு மக்கள் போவதாகவும் சொல்கிறார்கள். பார்க்கத்தக்க இடமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: தனிக் கோயில் இல்லை, அவர் வளர்ந்த சோங் பி நோங் வட்டாரத்தின் வாட் தாப் கிராதான் என்ற பௌத்த விகாரைக்குள் அமைந்த நினைவிடம் அது. 1992 ஜூலை 25 அன்று அங்கேதான், இளவரசி சிரிந்தோன் தலைமையில், அவருக்கு எரியூட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டதாகச் சொல்லப்படுகிறது. இன்று அங்கே அவருடைய உருவச் சிலைகளும், அவர் உடுத்திய மேடை உடைகளும், ரசிகர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து குவித்த பட்டுடைகளும், ஒப்பனைப் பொருள்களும், காலணிகளும் உள்ளன. பரிசு விழுந்தவர்கள் நன்றிக்கடனாகப் புதுச் சிலைகளே செய்து வைத்திருக்கிறார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாழ்ந்தபோது கூலித் தொழிலாளிகளுக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கும் பாடியவர், இறந்த பிறகும் அதே கூட்டத்தால் அணுகப்படுகிறார் என்பதும், அவரிடம் அவர்கள் கேட்பது மோட்சமல்ல, கடன் அடைக்கக் கொஞ்சம் பணம் என்பதும் கவனத்துக்குரியவை. அங்கே தலைகுனிந்து நிற்பவரை நோக்கிச் சிரிக்காமல் இருங்கள், அது போதும்.

பாங்காக்கிலிருந்து வடமேற்கே சாலை வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து செல்லுங்கள். விகாரை மண்டபங்களுக்குள் காலணியைக் கழற்ற வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 13ஐ ஒட்டி நினைவு விழாவும் லுக் துங் கச்சேரிகளும் நடக்கின்றன. பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு அதுவே ஏற்ற காலம். அமைதியாகப் பார்க்க விரும்பினால், தாய்லாந்து அரசு லாட்டரி மாதத்தின் 1, 16 தேதிகளில் குலுக்கப்படுவதால், அவற்றை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.